முப்பத்தெட்டாயிரம் பெசோ அறையில் உன் அம்மா

மலபோன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மரிவிக்குக்கு,

அப்பா கிரிசாந்தோ ஆசிகளுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதியே கை பழகிவிட்டது. இந்த முறை ஒருவர் குறைவு; மீதிப் பேர் நலம். உன் மாமா வில்பிரெடோவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. உன் பெரியம்மா கிளிசேரியாவுக்கு ஆண்டவர் கிருபையால் ஒரு குறையும் இல்லை; குறையெல்லாம் மற்றவர்களிடம்தான் என்று அவளே சொல்கிறாள். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தான் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். ஆகவே அவளைப் பற்றி உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

போனில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "அந்த ரூம் குடுத்த காசுக்குத் தகுமாப்பா?" நான் "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் என்ன சொல்ல வேண்டும் என்று உதவி செய்துகொண்டிருந்ததால் அதற்கு மேல் பேச முடியவில்லை. முப்பது வருஷம் தீயணைப்புத் துறையில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி அறிக்கை எழுதியவன் நான். ஒரு அறையைப் பற்றிக் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது எனக்கு அழகில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீயே முடிவு செய்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று நீ அந்த ஓட்டலில் அறை பிடித்துக் கொடுத்தபோது உன் அம்மா உன்னைத் திட்டினாள் என்பது உனக்குத் தெரியும். "ஒரு ராத்திரி தூங்கறதுக்கு முப்பத்தெட்டாயிரமா? நான் வீட்டுலயே கண்ணை மூடிக்கறேன்" என்றாள். ஆனால் அன்று மாலையே தெருவில் நாலு வீட்டுக்கு அந்தச் செய்தி போய்விட்டது என்பது உனக்குத் தெரியாது. மீன் விற்கும் பெண்ணிடம், "அந்த உசரமான ஓட்டல் இருக்குல்ல, கடலோரமா, அந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தா நம்ம ஊரு தெரியுமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, தெரியாமலா இருக்கும் என்றாள். அப்புறம் மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. பெரிய கடலேற்றம் வந்து வீட்டுக்குள் கணுக்கால்வரை தண்ணீர் நின்றதால் உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. தெருமுனைக் கூடத்தில்தான் வைத்துச் செபித்தோம். ஓட்டலுக்குப் போன் போட்டால், பணத்தைத் திருப்பித் தருவதோ தேதியை மாற்றுவதோ வழக்கம் இல்லை என்று ஒரு குரல் மிக இனிமையாகச் சொன்னது. நீயோ அந்த நாட்டில் தங்கும் அனுமதிக் காகிதம் கைக்கு வராமல் அங்கிருந்து கிளம்ப முடியாது. "நீங்களாவது போய் ஒரு நாள் இருங்கப்பா, அம்மாவுக்காக" என்று அழுதாய். அதனால்தான் அடக்கத்தையும் அதே தேதியில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். ஒரே நாளில் முடிந்தால் வண்டி வாடகை மிச்சம் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் எல்லோரும் வாடகைக்குப் பிடித்த ஜீப்னி வண்டியில் ஏறியதும் பெரியம்மா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "நேரா வீட்டுக்குப் போகக் கூடாது, தெரியும்ல? எங்கயாவது இறங்கி ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். இல்லேன்னா செத்தவங்க கூடவே வந்துடுவாங்க." நீ போய் ஒன்பது வருஷமாகிறது, இந்தப் பக்பக் வழக்கத்தை மறந்திருக்க மாட்டாய். இறங்குகிற இடத்தை இறந்தவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார், நாம் நழுவி வந்துவிட வேண்டும். ஓட்டுநர் டோடாங், "வழக்கமா டோனட் கடையிலதான் நிறுத்துவேன். நேத்துக்கூட மூணு சாவு அங்கதான் இறங்குச்சு" என்றான். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு பேரை விட்டுட்டுப் போன கடையிலயா என் தங்கச்சியை விடச் சொல்ற? அவளுக்கு உக்கார எடம் இருக்குமாடா?" அப்போதுதான் நான், "ஓட்டல்ல ரூம் இருக்கே. அங்க போயிடலாம்" என்றேன். பெரியம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லு தம்பி. எங்க இறங்கறமோ அங்கதான் அவ தங்குவா. அங்க விட்டுட்டு வர உனக்குச் சம்மதமா?"

வீட்டுக்கே வராதவளை இன்னொரு இடத்தில் இறக்கிவிடுவதா என்று இருந்தது. ஆனால் டோனட் கடையோ, பெட்ரோல் பங்கோ, எங்கேயாவது ஓரிடத்தில் இறக்காமல் இவர்கள் என்னை விடப்போவதில்லை. வில்பிரெடோ என் முழங்காலைத் தட்டினான். "அக்காவுக்கு என்ன அத்தான் குறைச்சல்? ஆயுசு பூரா தண்ணி பூந்த வீட்டுல இருந்தா. இனிமே ஏசியில இருக்கட்டும். வாடகையும் கெடையாது." நான் சரி என்றேன்.

மாதா படமும் சேவல் படமும் வரைந்த ஜீப்னி அந்த ஓட்டல் முகப்பில் போய் நின்றதும் காவலாளி ஓடிவந்தான். "இங்க நிறுத்தக் கூடாது சார். டெலிவரியெல்லாம் பின்பக்கம்." வில்பிரெடோ, "டெலிவரிதான்யா. ஒருத்தரை விட்டுட்டுப் போக வந்திருக்கோம்" என்றான். காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தான். கறுப்பு உடையில் பதினோரு பேர். தொப்பியைக் கழற்றிவிட்டான். தொப்பியைக் கழற்றினாலும் சோதனை சோதனைதான். வெடிமருந்து மோப்பம் பிடிக்கிற நாய் ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டு வந்து வில்பிரெடோவின் பை முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டது. வெடிமருந்து இருந்தால் அப்படி உட்காரத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்களாம். பையைத் திறந்தால் செய்தித்தாளில் சுற்றிய கருவாடு. "இது எதுக்கு சார்?" "அக்காவுக்குப் படைக்க." காவலாளி கயிற்றை இழுத்தான், நாய் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு கருவாட்டைக் கொடுத்துத்தான் உள்ளே போனோம்.

வரவேற்பு மேசையில் பெர்னடின் என்று பெயர்ச்சீட்டு குத்திய பெண் கணினியைப் பார்த்துச் சிரித்தாள். "இனிய நாற்பதாவது கல்யாண நாள் வாழ்த்துக்கள் சார்! மேடம் வரலையா?" நான், "கூடத்தான் வந்திருக்கா" என்றேன். அந்தப் பெண் என் பின்னால் நின்ற எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, "இவங்கள்ல யாரு சார்?" என்று கேட்டாள். பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வில்பிரெடோ குனிந்து அந்தப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னான். அவள் முகம் மாறிவிட்டது. "மன்னிச்சுக்கோங்க சார். வேணும்னா மேனேஜர்கிட்ட கேட்டு வேற தேதிக்கு மாத்தித் தரட்டுமா?" முதலில் போனில் கேட்டபோது முடியாது என்று சொன்ன அதே விஷயம். "வேண்டாம்மா, அவ வந்துட்டா" என்றேன். அது பொய் இல்லை.

இனி அறை. கதவைத் திறந்ததும் கட்டிலின் மேல் துண்டுகளை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. சுற்றிலும் ரோஜா இதழில் ஒரு இதயம். யாரும் கட்டிலில் உட்காரவில்லை. திரைச்சீலை ஒரு பொத்தானை அழுத்தினால் தானாக நகர்ந்தது; வில்பிரெடோ அதை நகர்த்துவதும் மூடுவதுமாக இருந்து பெரியம்மாவிடம் அடி வாங்கினான். தலையணைக்குத் தனி அட்டை உண்டு, நம் ஊர் சாப்பாட்டுக் கடையில் பதார்த்தம் எழுதி வைப்பதுபோல; எது வேண்டுமோ கேட்கலாம். கழிப்பறை இருக்கை சூடாக இருந்தது. பெரியம்மா உள்ளே போனவள் உடனே வெளியே வந்து, "யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காங்க" என்றாள். தீ வெளியேறும் வழி அட்டை கதவுக்குப் பின்னால் சரியான உயரத்தில் இருந்தது, படிக்கட்டுக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. அந்த இரண்டுக்கும் நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

ஜன்னல்தான் ஏமாற்றியது. அது சூரியன் மறையும் பக்கம் பார்த்திருந்தது, வெறும் கடல். உன் அம்மா சொன்ன நம் ஊர் எங்கேயும் இல்லை. குளியலறையில் தொட்டிக்கு மேலே இன்னொரு கண்ணாடி ஜன்னல் இருப்பதை வில்பிரெடோ கண்டுபிடித்தான், வடக்குப் பக்கம். அடக்கத்துக்குப் போட்டிருந்த கால்சட்டையோடு நான் தொட்டிக்குள் ஏறி விளிம்பில் நின்று பார்த்தேன். அவன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. "அதான் அத்தான் நம்ம ஊரு." பெரியம்மா வாசலில் நின்றபடி, "அது நவோத்தாஸ். நம்ம ஊரு அதுக்கும் பின்னால" என்றாள். "தெரியுதுன்னு சொல்லேன்க்கா, இன்னிக்கு ஒரு நாளாவது." "தெரியாததைத் தெரியுதுன்னு சொன்னா அவளுக்குத் தெரிஞ்சுடும்டா." நான் இறங்கி வந்து, தெரிந்தது என்று பொதுவாகச் சொன்னேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது. இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும், கையில் மெழுகுவர்த்தி ஏற்றிய கேக், உதட்டில் பாட்டு. பெர்னடின் சமையலறைக்குச் சொல்ல மறந்திருக்கிறாள். இரண்டாவது அடியில் அவர்கள் கண் எங்கள் உடுப்பின்மேல் விழுந்தது, பாட்டு அறுந்துபோனது. கிதார் வைத்திருந்த பையன் தரையைப் பார்த்தான். பெரியம்மா எழுந்து நின்று, "ஆரம்பிச்சுட்டீங்கல்ல, முடிங்க. கல்யாணப் பாட்டைப் பாதியில நிறுத்தினா நல்லதில்ல" என்று அதட்டினாள். அவர்கள் பாடினார்கள். நாங்களும் பாடினோம். வில்பிரெடோ பல்வலியோடு இரண்டாம் குரல் பாடினான். மெழுகுவர்த்தியை யார் ஊதுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஊதவில்லை. அது அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறந்தவருக்கு ஒரு தட்டுப் போட வேண்டும். அறைக்கே சாப்பாடு கொண்டுவரும் அட்டையை எடுத்துப் பார்த்த பெரியம்மா, கஞ்சி விலையைப் படித்துவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்தாள். சோறு அவள் தூக்குவாளியிலேயே இருந்தது. கருவாட்டைத்தான் சுட வேண்டும், அடுப்பு இல்லை. நான் அடுப்புக் கேட்கக் கீழே போய் பெர்னடினைப் பார்த்துவிட்டு வருவதற்குள் உன் மாமா ஓட்டல்காரர்களின் இஸ்திரிப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, கருவாட்டை அலுமினியத் தாளில் மடித்து, சட்டை தேய்க்கிற மாதிரி தேய்க்க ஆரம்பித்திருக்கிறான். திரும்பி வரும்போது மின்தூக்கியிலேயே எனக்கு வாசனை வந்துவிட்டது. கதவைத் திறக்கவும் கூரையில் அபாயமணி அலறவும் சரியாக இருந்தது. மகளே, முப்பது வருஷம் இந்த மணியை எல்லாக் கட்டடத்திலும் மாட்ட வைத்தவன் நான். என் அறையில் அடிக்க வேண்டும் என்று அது காத்திருந்திருக்கிறது.

காவலாளிகள் இருவர் தீயணைப்பானோடு வந்தார்கள், பின்னால் பெர்னடின். "தீ இல்ல, கருவாடு" என்று நான் முறைப்படி அறிக்கை கொடுத்தேன். பெர்னடின் மெல்லச் சொன்னாள்: "எதிர் ரூம் வெளிநாட்டுக்காரர் போன் பண்ணினார் சார். இந்த ரூம்ல ஏதோ செத்துக் கிடக்குதுன்னு." அந்த மனிதர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண்ணுக்கு உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். சிரித்துச் சிரித்து வில்பிரெடோ இஸ்திரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் அதுவரை அழவில்லை. பெர்னடின் ஜன்னல் பக்கம் போய் ஏதோ சரிசெய்வதுபோல நின்றாள். திரும்பும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சோறு மிச்சமிருக்கா பெரியம்மா? காலைல ஆறு மணிக்கு வந்தது, இன்னும் சாப்பிடல" என்றாள். உன் அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தோம். கையால்தான் சாப்பிட்டாள்.

விருந்தாளிகள் போக வேண்டிய நேரம் வந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். நான் மட்டும் இருந்தேன். மரிவிக், அந்த அறையில் சத்தமே இல்லை. சுவர் அவ்வளவு கனம், கண்ணாடி அவ்வளவு கனம். கடல் கண்ணெதிரே அலையடிக்கிறது, காதுக்கு வரவில்லை. பக்கத்தில் பாட்டுப்போட்டி இல்லை, சேவல் இல்லை, குழாய் சொட்டவில்லை, யாரும் இருமவில்லை. அவர்கள் காசு வாங்குவது கட்டிலுக்கோ சூடான இருக்கைக்கோ அல்ல, இதற்குத்தான் என்று எனக்குப் புரிந்தது. மற்ற மனிதர்கள் இருக்கிற சத்தம் கேட்காமல் இருப்பதற்கு. அதற்குத்தான் அந்த விலை என்றால் மகளே, நம் வீட்டில் இப்போது அது இலவசமாகக் கிடைக்கிறது.

காலையில் அறையைக் காலி செய்ய மனம் வரவில்லை. பெர்னடின் போன் செய்து, வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றாள். "அடுத்து இங்க யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டேன். "புதுசா கல்யாணமான ஜோடி சார், கொரியாவுலேர்ந்து." காபியை அப்படியே வைத்துவிட்டேன். உன் அம்மா யார் வீட்டிலும் ஒரு இரவு கூடுதலாகத் தங்கியவள் இல்லை. புதுப் பெண் மாப்பிள்ளை இருக்கிற அறையில் எங்கே போய் நிற்பாள்? அந்தக் கொரியாப் பிள்ளைகளிடம் என்ன பாஷையில் பேசுவாள்? அழைத்துப்போக வந்த பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "செத்தவங்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கெடையாது. பாத்ரூம் ஒண்ணு போதாதா அவளுக்கு? நம்ம கூடத்தை விடப் பெருசு. சொல்லிட்டு வா" என்றாள். நான் அறைக்கு நடுவில் நின்று சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டாம்.

ஓட்டலில் தூங்கியவன் மறுபடியும் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடக்கூடும், ஆகவே வழியில் இன்னொருமுறை இறங்கி உதற வேண்டும் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள். கலோக்கானில் ஒரு கஞ்சிக் கடையில் நிறுத்தினோம். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: தகும். உன் அம்மா கடலைப் பார்த்தபடி, சூடான இருக்கை, தானாக நகரும் திரை, கேட்ட தலையணை என்று சௌகரியமாக இருக்கிறாள். நீ கொடுத்த காசு ஒரு பெசோகூட வீணாகவில்லை. வர முடியவில்லையே என்று இனி அழாதே. அங்கே பனி கொட்டுகிறதாம். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ குளிப்பாட்டுகிற அந்த வயதானவர்கள் எல்லோரும் உன்னை ஆசீர்வதிக்கட்டும். அவர்கள் மறந்தால் நான் சேர்த்துச் செய்கிறேன். பெரியம்மா, மாமா, டோடாங் எல்லோருடைய அன்பும்.

உன் அப்பா,
கிரிசாந்தோ

பி.கு.: பெரியம்மா வாசித்துவிட்டாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். இதைத் திங்கட்கிழமை காலையில் தபால் ஆபீசில் நின்றபடி எழுதுகிறேன். கஞ்சிக் கடையில் எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. முழங்கால் வலி என்றேன். பெரியம்மா கஞ்சிக் கிண்ணத்தை ஜீப்னிக்கே கொண்டுவந்து, "ஒரு காலையாவது கீழ வைய்யா, அப்பத்தான் கணக்கு" என்று நின்றாள். அவள் எலுமிச்சை வாங்கத் திரும்பியபோது செருப்பை மட்டும் கையால் எடுத்துத் தெருவில் வைத்தேன். கால் உள்ளேயே இருந்தது. திரும்பிவந்து செருப்பைப் பார்த்துத் திருப்தியடைந்தாள். கஞ்சியையும் நான் வாயில் வைக்கவில்லை, டோடாங் குடித்துவிட்டான். அறை நல்ல அறைதான் மகளே, ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே இப்போது அந்தக் கொரியாப் பிள்ளைகள் மட்டும்தான் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வடிந்திருந்தது, தரை இன்னும் ஈரம். பெரியம்மா உள்ளேயிருந்து, "கதவைச் சாத்துப்பா, கொசு வருது!" என்று கத்தினாள். எல்லோரும் உள்ளே வந்த பிறகுதான் சாத்தினேன்.